பாஹை எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

18ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாஹின் படைப்புகளுக்கு வோல்ஃப்காங் ஷ்மீடர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1950இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். ஆயிரத்தைத் தாண்டும் அந்தப் பட்டியலின் எண்களைத்தான் இன்று இசைத்தட்டு உறைகளிலும் யூடியூப் தலைப்புகளிலும் 'பி.டபிள்யூ.வி.' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் பார்க்கிறோம். புதிதாகக் கேட்க வருபவருக்கு அந்த எண்களால் பயனில்லை. அவை காலவரிசையில் அமையவில்லை, இசை வகைகளின் வரிசையில் அமைந்திருக்கின்றன. எண் ஒன்றில் தொடங்கினால் ஏறக்குறைய இருநூறு எண்கள் வரை ஜெர்மன் மொழித் தேவாலய இசையிலேயே இருக்க வேண்டும். ஆகவே எங்கேயாவது நடுவில்தான் நுழைந்தாக வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்கும் தமிழர்கள் குறைவில்லை. 1986இல் இளையராஜா வெளியிட்ட கருவியிசைத் தொகுப்பு தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கப்பட்டது. அதன் பிறகு மேற்கத்திய இசையில் நாட்டமே இல்லாதவர்களுக்கும் இந்தப் பெயர் பழகிவிட்டது. பெயர் பழகிய அளவுக்கு இசை பழகவில்லை. ஆர்வத்தோடு தேடிப் பார்ப்பவருக்கு நான்கு பரிந்துரைகள் திரும்பத் திரும்பக் கிடைக்கும்: தனிச் செல்லோ தொகுதிகள், கோல்ட்பெர்க் வேரியேஷன்கள், பிராண்டன்பர்க் கான்செர்ட்டோக்கள், மத்தேயு பாடுகள். இந்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அதிகம் பேர் சொல்லாத ஐந்தாவது ஒன்றை நான் ஏன் முன்னால் வைக்கிறேன் என்று சொல்கிறேன்.

முதலில் அளவுகோல். பாஹின் இசையில் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று, நான்கு மெட்டுகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் தன்னளவில் முழுமையானது, எதுவும் இன்னொன்றுக்குப் பக்கவாத்தியம் அல்ல. இதுவே அவரிடம் மட்டும் இவ்வளவு செறிவாகக் கிடைக்கும் விஷயம். கர்நாடக இசையிலும் திரையிசையிலும் வளர்ந்த நம் காது ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு அதன் நுணுக்கங்களுக்குள் இறங்கப் பழகியது. கச்சேரியில் வயலின் பாடகரை நிழல்போலத் தொடர்கிறது. தம்பூராவின் ஆதார சுருதி கடைசி வரை அசைவதில்லை. பாஹிடம் இரண்டும் தலைகீழ். இரண்டாவது குரல் முதல் குரலைத் தொடர்வதில்லை. முதல் குரல் ஏற்கெனவே சொல்லிவிட்டுப் போனதை வேறொரு சுருதியில் சொல்கிறது, அதற்குள் முதல் குரல் வேறு பேச்சில் இருக்கிறது. ஆதார ஸ்வரமும் சில நொடிகளுக்கொருமுறை இடம் மாறுகிறது. இந்தப் புதிய பழக்கத்தை எந்தப் படைப்பு மிகக் குறைந்த சிரமத்தில் கற்றுத் தருகிறது என்பதை வைத்தே நான் மதிப்பிடுகிறேன். நீளம், மொழி, கிடைக்கும் ஒலிப்பதிவுகள் எல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

'பாஹின் சிறந்த ஐம்பது' என்ற வகைத் தொகுப்புகளை ஒரே பத்தியில் ஒதுக்கிவிடலாம். திருமண மண்டபங்களிலும் ஓட்டல் வரவேற்பறைகளிலும் ஒலிக்கும் 'ஏர் ஆன் த ஜி ஸ்ட்ரிங்', மூன்றாவது ஆர்கெஸ்ட்ரா தொகுதியின் ஒரு பகுதியை 19ஆம் நூற்றாண்டில் வில்ஹெல்மி என்ற வயலின் கலைஞர் மாற்றியமைத்த வடிவம். பேய்ப்படங்களால் புகழ்பெற்ற டி மைனர் டொக்காட்டாவை எழுதியவர் பாஹ்தானா என்றே சில ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். மூன்று நிமிடத் துண்டுகளாகக் கேட்பவருக்கு நல்ல மெட்டுகள் கிடைக்கும், பாஹ் கிடைக்கமாட்டார்.

தனிச் செல்லோ தொகுதிகள்

மிக அதிகமாகச் சொல்லப்படும் பரிந்துரை இதுதான், அதிலும் முதல் தொகுதியின் முதல் பகுதி. இரண்டரை நிமிடம், ஒரே கருவி (வயலின் குடும்பத்தில் தாழ்ந்த குரலுள்ள செல்லோ), மொழி இல்லை. தமிழ் நண்பர்களுக்குச் சொல்பவர்கள் கூடுதலாக ஒரு காரணமும் வைத்திருப்பார்கள்: ஒற்றை மெட்டில் வளர்ந்த காதுக்கு ஒற்றைக் கருவிதானே இயல்பு?

பாஹ் இவற்றை எழுதிய ஊர் கேதன். அங்கே போன கதையே சுவையானது. அதற்கு முன் அவர் வைமார் அரசவையில் இருந்தார். வேலையை விட்டுப் போக அனுமதி கேட்டு அடம் பிடித்ததற்காக 1717 நவம்பர் 6 முதல் டிசம்பர் 2 வரை அவரைச் சிறையில் வைத்து, பிறகு அவமதிப்போடு வெளியே அனுப்பினார்கள். கேதனில் இளவரசர் லியோபோல்டு இசைப் பித்தர். பிரஷ்யாவின் புதிய மன்னர் 1713இல் பெர்லின் அரசவை இசைக்குழுவைக் கலைத்தபோது அங்கிருந்த நல்ல கலைஞர்களில் சிலர் இவரிடம் வந்து சேர்ந்தார்கள். இளவரசர் கால்வினியப் பிரிவைச் சேர்ந்தவர், ஆகவே ஆலயத்துக்குப் பெரிய இசை தேவைப்படவில்லை. பாஹ் ஆறு ஆண்டுகள் பெரும்பாலும் கருவிகளுக்காகவே எழுதினார். 1720 கோடையில் இளவரசரோடு கார்ல்ஸ்பாட் போய்த் திரும்பியபோது, புறப்படும்போது நலமாக இருந்த மனைவி மரியா பார்பரா இறந்து அடக்கமும் முடிந்திருந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அன்னா மக்டலேனா என்ற இருபது வயதுப் பாடகியை மணந்தார். செல்லோ தொகுதிகளுக்கு பாஹின் கைப்பிரதி இன்று இல்லை. நாம் வாசிப்பது பெரும்பாலும் அன்னா மக்டலேனா படியெடுத்து வைத்த பிரதியிலிருந்து.

அதன் பிறகு இவை நெடுங்காலம் பயிற்சிப் பாடங்களாகவே கருதப்பட்டன. 1890இல் பார்சலோனாவில் ஒரு கடையில் பின்னாளில் பெரும் செல்லோ கலைஞரான பாப்லோ கசால்ஸ், பதின்மூன்று வயதில், அச்சுப் பிரதி ஒன்றைக் கண்டெடுத்தார். பல ஆண்டுகள் சாதகம் செய்த பிறகே மேடையில் வாசித்தார். 1936 முதல் 1939 வரை அவர் பதிவு செய்த ஆறு தொகுதிகளும் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. யோ-யோ மா மூன்று முறை முழுமையாகப் பதிவு செய்திருக்கிறார். ஆனர் பில்ஸ்மா பழைய வகைச் செல்லோவில் வாசித்த பதிவு எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது, அதில் இவை நடன இசை என்பது மறக்கப்படுவதில்லை.

இத்தனை இருந்தும் தொடக்கத்துக்கு இதைச் சொல்லமாட்டேன். இங்கே கருவிதான் ஒன்று, குரல் ஒன்றல்ல. வில் தாழ்ந்த தந்தியிலிருந்து உயர்ந்த தந்திக்கு ஓடும்போது கீழே ஒரு குரல், நடுவில் ஒன்று, மேலே ஒன்று எனத் தனித்தனிக் கோடுகள் போகின்றன. ஒவ்வொன்றையும் பாஹ் ஓரிரு ஸ்வரங்களில் தொட்டுவிட்டு விட்டுவிடுகிறார், இடைவெளியைக் கேட்பவர்தான் மனத்துக்குள் நிரப்ப வேண்டும். பல குரல் இசையில் பழகிய காதுக்கு அது பெரிய இன்பம். பழகாத காதுக்குக் கேட்பது ஏறி இறங்கும் ஒரு ஆலாபனை மட்டும். அதுவும் இனிமையாக இருப்பதால், எதையோ தவறவிடுகிறோம் என்ற சந்தேகமே வருவதில்லை. படிக்கும்போது பின்னணியில் ஓடவிடும் இசையாக அது தங்கிவிடுகிறது. எளிமைபோலத் தோன்றும் தொடக்கங்களில் இதுவே மிகக் கடினமானது என்பது என் கருத்து.

கோல்ட்பெர்க் வேரியேஷன்கள்

1741இல் நியூரம்பெர்கில் அச்சாகி வெளிவந்த படைப்பு, இரண்டு கட்டை வரிசைகள் கொண்ட ஹார்ப்சிகார்டுக்கு (தந்தியை மீட்டி ஒலிக்கும், பியானோவுக்கு முந்தைய கருவி). முதலில் ஏரியா என்ற பாட்டு போன்ற ஒரு பகுதி, பிறகு முப்பது வேறுபாடுகள் (வேரியேஷன்கள்), கடைசியில் அதே ஏரியா மறுபடியும். உறக்கம் வராமல் தவித்த கைசர்லிங்க் பிரபு தன்னிடமிருந்த இளைஞன் கோல்ட்பெர்க் இரவில் வாசிப்பதற்காக இதைக் கேட்டு வாங்கினார் என்றும், நூறு தங்கக் காசுகள் நிரம்பிய கிண்ணத்தைப் பரிசளித்தார் என்றும் ஒரு கதை உண்டு. ஃபோர்க்கெல் என்பவர் 1802இல் எழுதிய பாஹின் வாழ்க்கை வரலாற்றிலிருந்து பரவியது அது. அச்சுப் பிரதியில் பிரபுவுக்குக் காணிக்கை எதுவும் இல்லை, அப்போது கோல்ட்பெர்குக்கு வயது பதினான்கு. நம்புவது கடினம். உறக்கத்துக்காக என்று நினைத்து இதைப் போட்டுவிட்டுப் படுப்பவர்கள் ஐந்தாவது வேறுபாட்டிலேயே எழுந்து உட்கார நேரும்.

இதைப் பரிந்துரைக்கிறவர்கள் பெரும்பாலும் பியானோ கலைஞர் கிளென் கூல்டைத்தான் பரிந்துரைக்கிறார்கள். 1955இல் இருபத்திரண்டு வயதில் பியானோவில் 38 நிமிடத்தில் பறந்து முடித்தார். 1981இல், இறப்பதற்கு ஓராண்டு முன், அதையே 51 நிமிடம் எடுத்துக்கொண்டு வாசித்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்பது ஒரு தனிப் பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பொழுதுபோக்கில் பேச்சு கூல்டைப் பற்றியே இருக்கிறது. அவருடைய வேகம், வாசிக்கும்போது அவர் முணுமுணுப்பது, அவர் உட்காரும் நாற்காலி என்று போய்விடுகிறது.

புதியவருக்கு இதில் உள்ள தடை வேறு. வேறுபாடுகள் என்றதும் நாம் நிரவலை நினைத்துக்கொள்கிறோம், தொடக்கத்தில் கேட்ட அழகான மெட்டு முப்பது விதமாக வரும் என்று காத்திருக்கிறோம். அது வருவதே இல்லை. பாஹ் எடுத்துக்கொண்டது மேலே ஒலிக்கும் மெட்டை அல்ல, அதற்கு அடியில் இடது கையில் நகரும் 32 அளவை (தாளத்தின் ஒரு சுற்று ஓர் அளவை) நீளமுள்ள தாழ்ஸ்வர வரிசையை. முப்பதும் அந்த அடித்தளத்தின் மேல்தான் எழுகின்றன. ஒவ்வொரு மூன்றாவது வேறுபாடும் ஒரு கேனான்: ஒரு குரல் சொன்னதை இன்னொரு குரல் சற்றுத் தள்ளி அப்படியே திருப்பிச் சொல்கிறது. முதல் கேனானில் இரண்டு குரல்களும் ஒரே ஸ்வரத்தில் தொடங்குகின்றன, அடுத்ததில் ஒரு ஸ்வரம் தள்ளி, அதற்கடுத்ததில் இரண்டு தள்ளி. இப்படியே ஒன்பது கேனான்கள். கீழ்க்குரலைப் பிடிக்கத் தெரியாதவருக்கு இதெல்லாம் முப்பது தனித்தனிப் பியானோத் துண்டுகளாகவே கேட்கும். இருபத்தைந்தாவது மட்டும், அந்த நீண்ட மைனர் பகுதி, எவரையும் நிறுத்தும். மற்றவற்றுக்குக் காது கொஞ்சம் பக்குவப்பட்ட பிறகு வருவதே நல்லது.

பிராண்டன்பர்க் கான்செர்ட்டோக்கள்

ஆறு கான்செர்ட்டோக்கள், அதாவது தனிக் கருவிகளும் இசைக்குழுவும் மாறி மாறிப் பேசும் படைப்புகள், மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். 1721 மார்ச் 24 தேதியிட்ட பிரெஞ்சு மொழிக் கடிதத்தோடு பிராண்டன்பர்க் சிற்றரசர் கிறிஸ்டியன் லுட்விக்குக்கு பாஹ் அனுப்பிவைத்தார். பாஹின் படைப்புகளிலேயே முகம் மலர்ந்து நிற்பவை இவைதான். ஒவ்வொன்றிலும் கருவிகளின் சேர்க்கை வேறு. இரண்டாவதில் எக்காளம் உச்சத்தில் பாடுகிறது. மூன்றாவதில் மூன்று வயலின், மூன்று வயோலா, மூன்று செல்லோ. ஐந்தாவதில் அதுவரை பின்னால் இருந்த ஹார்ப்சிகார்டு திடீரென்று மற்ற எல்லோரையும் வாயடைக்கவைத்து 65 அளவை நீளத்துக்குத் தனியாக ஓடுகிறது. இரண்டு ஆண்டுகள் முன்னால், 1719இல், புதிய ஹார்ப்சிகார்டு ஒன்றை வாங்கிவர பாஹையே பெர்லினுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தக் கருவியைக் காட்டிக்கொள்ளும் ஆசையும் அந்த ஓட்டத்தில் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆறாவதில் வயலினே கிடையாது.

தொடக்கத்துக்கு இது மோசமான தேர்வு அல்ல. பலர் இதில் தொடங்கி நன்றாகவே போயிருக்கிறார்கள். சிக்கல் நெரிசல்தான். முதல் கான்செர்ட்டோவில் கொம்புகள், ஓபோக்கள், தந்திகள் எல்லாம் ஒரே சமயத்தில் பேசும்போது, எந்தக் குரல் எதற்குப் பதில் சொல்கிறது என்று புதிய காது பிரித்தறிவதற்குள் பகுதி முடிந்துவிடுகிறது. பரபரப்பும் மகிழ்ச்சியும் மட்டும் மிஞ்சுகின்றன. இன்னொன்று, இதைக் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்பது வீண். கீழ்ஸ்வரங்கள் காணாமல் போய்விடும், மீதி இருப்பது கீச்சொலி.

மத்தேயு பாடுகள்

1723இல் பாஹ் லைப்சிக் நகரின் ஆலய இசைப் பொறுப்புக்கு வந்தார். நகர சபை முதலில் விரும்பியது டெலிமான் என்ற இசையமைப்பாளரை. ஹம்பர்கில் அவருக்குச் சம்பளத்தைக் கூட்டிவிட்டார்கள், வரவில்லை. அடுத்து கிராப்னர் என்ற இசையமைப்பாளரைக் கேட்டார்கள். அவருடைய எஜமானர் விட மறுத்தார். சிறந்தவர்கள் கிடைக்காதபோது நடுத்தரமானவரை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று சபை உறுப்பினர் ஒருவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. மூன்றாம் இடத்தில் வந்தவர் 27 ஆண்டுகள், இறக்கும் வரை, அங்கேயே இருந்தார். முதல் சில ஆண்டுகளில் ஏறக்குறைய வாரம் ஒரு கான்டாட்டா (ஆலய வழிபாட்டில் பாடகர்களும் கருவிகளும் சேர்ந்து நிகழ்த்தும் இசை) எழுதினார். எழுதி, படியெடுக்கவைத்து, பள்ளிச் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஞாயிறு காலை நடத்தி, மறுநாள் அடுத்ததைத் தொடங்கினார். வருமானத்தில் குறையும் இருந்தது. 1730இல் பழைய நண்பர் எர்ட்மானுக்கு எழுதிய கடிதத்தில், ஊரில் காற்று ஆரோக்கியமாக இருப்பதால் சாவுகள் குறைந்து, கடந்த ஆண்டு அடக்கச் சடங்குக் கட்டணத்தில் நூறு தாலருக்கு மேல் நட்டமாகிவிட்டது என்று வருத்தப்படுகிறார். வீட்டில் அத்தனை குழந்தைகளை வைத்திருந்தவரின் கவலை அது. அவருக்குப் பிறந்தவர்கள் இருபது பேர், வளர்ந்து ஆளானவர்கள் பத்துப் பேர்.

அந்த லைப்சிகின் புனித தோமா ஆலயத்தில் 1727 பெரிய வெள்ளியன்று முதன்முதலாக ஒலித்ததாகக் கருதப்படும் படைப்பு மத்தேயு பாடுகள். மத்தேயு நற்செய்தியின்படி இயேசு பட்ட பாடுகளையும் சிலுவை மரணத்தையும் சொல்வது. இரண்டு பாடகர் குழுக்கள், இரண்டு இசைக்குழுக்கள், இரண்டே முக்கால் மணி நேரம், முழுக்க ஜெர்மன். பாஹ் இறந்த பிறகு மறக்கப்பட்டிருந்த இதை 1829 மார்ச் 11 அன்று பெர்லினில் இருபது வயது இசையமைப்பாளர் மெண்டல்சோன் சில பகுதிகளை வெட்டி மறுபடி மேடையேற்றினார். பாஹின் புகழ் பொதுமக்களிடையே பரவியது அதன் பிறகுதான்.

இதில் தொடங்கச் சொல்பவர்கள் பாஹின் உச்சத்தை முதலிலேயே காட்டிவிட நினைக்கிறார்கள். மற்றவர்களுக்கு நான் மறுப்பேன். ஆனால் தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகளில், லுத்தரன் சபையிலோ தென்னிந்தியத் திருச்சபையிலோ, பாமாலைப் புத்தகத்தோடு வளர்ந்தவர்களுக்கு என் பதில் நேர் எதிரானது. நீங்கள் இங்கேதான் தொடங்க வேண்டும். 'இரத்தம் காயம் குத்தும்' என்று தொடங்கும் பாமாலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பால் கெர்ஹார்ட்டின் ஜெர்மன் பாடலின் தமிழ் வடிவம் அது. அதன் மெட்டு ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601இல் வெளியிட்ட ஒரு காதல் பாட்டினுடையது. அந்த மெட்டை பாஹ் மத்தேயு பாடுகளில் ஐந்து முறை கொண்டுவருகிறார். மேலே மெட்டு மாறாமல் இருக்க, கீழே மூன்று குரல்களும் ஒவ்வொரு முறையும் வேறு விதமாக நடக்கின்றன. கதை சிலுவையை நெருங்க நெருங்க அந்த நடை இருண்டுபோகிறது. இயேசு உயிர்விட்ட உடனே வரும் ஐந்தாவது முறையில், நன்கு தெரிந்த மெட்டே அந்நியமாகிவிடுகிறது. மேல்குரல் ஏற்கெனவே மனப்பாடமாக இருப்பவருக்குத்தான் கீழே நடக்கும் மாற்றங்கள் முதல் முறையிலேயே கேட்கும். லைப்சிக் சபையாருக்கு இருந்த அதே வசதி அது. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியபோது பாஹுக்கு வயது 21, ஆர்ன்ஸ்டாட்டில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்த லுத்தரன் ஊழியர்களும் கொண்டுவந்த ஜெர்மன் பாடல் மரபும் பாஹ் வளர்ந்த மரபும் ஒன்றுதான்.

பாமாலையோடு தொடர்பில்லாதவர்களும் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக் கேட்கலாம். பேதுரு மறுதலித்து அழுத பிறகு வரும் 'எர்பார்மே டிஹ்'. தனி வயலின் முதலில் மெட்டை நெளிவு சுளிவுகளோடு வாசிக்கிறது, பிறகு பாடகர் அதை எடுத்துக்கொள்கிறார். கமகத்துக்குப் பழகிய காது இங்கே தடுமாறாது.

இரண்டு வயலின்களுக்கான கான்செர்ட்டோ

என் தேர்வு இது. டி மைனர், பி.டபிள்யூ.வி. 1043. மூன்று பகுதிகள், பதினைந்து நிமிடம் முதல் பதினேழு நிமிடம். நம் அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமானது பாஹிடம் இல்லை, ஏனென்றால் இங்கே முக்கியமான குரல்கள் இரண்டே. இரண்டும் ஒரே வகைக் கருவி, ஒரே தகுதி. பாட்டு ஒன்று, பக்கவாத்தியம் ஒன்று என்று பிரிக்கவே முடியாது.

முதல் பகுதியைத் தொடங்குவது இரண்டாவது வயலின். படபடப்பான ஒரு வாக்கியத்தை நான்கு அளவைகளுக்குச் சொல்கிறது. அது முடிந்ததும் முதல் வயலின் அதே வாக்கியத்தை ஐந்து ஸ்வரம் மேலே, நம் கணக்கில் பஞ்சமத்தில், எடுக்கிறது. இரண்டாவது வயலின் நிறுத்துவதில்லை, வேறொன்றைப் பேசத் தொடங்குகிறது. ஃபியூக் என்ற அமைப்பின் இயக்கம் இதுதான், இங்கே அது இரண்டு நிமிடத்துக்குள் புரிந்துவிடுகிறது. முதல் முறை கேட்கும்போது முதல் வயலினை மட்டும் பின்தொடருங்கள். இன்னொரு நாள் இரண்டாவதை மட்டும். ஒரு காதில் ஒன்றும் மற்றதில் ஒன்றுமாகப் பிரிந்து ஒலிக்கும் பதிவு கிடைத்தால் ஹெட்ஃபோனில் இது இன்னும் சுலபம்.

இரண்டாவது பகுதிதான் இதைத் தேர்ந்தெடுக்க உண்மையான காரணம். எஃப் மேஜரில் ஆறேழு நிமிடம், மெதுவான பன்னிரண்டெட்டுத் தாளத்தில். மறுபடியும் இரண்டாவது வயலின் இறங்குமுகமான ஒரு மெட்டோடு தொடங்க, இரண்டு அளவைகள் கழித்து முதல் வயலின் மேலே சேர்கிறது. அதன் பிறகு ஒன்று ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டிருக்க, மற்றது நகர்ந்து அதோடு உரசுகிறது. உரசல் தாங்காமல் பிடித்திருந்த ஸ்வரம் ஒரு படி இறங்குகிறது, அதற்குள் மற்றது நீட்டத் தொடங்குகிறது. பகுதி முழுவதும் இந்த முறைமாற்றம்தான். மேற்கத்திய இசையில் இரண்டு ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பதால் பிறக்கும் உணர்ச்சியை, ஒற்றை மெட்டால் உண்டாக்க முடியாத அந்த உணர்ச்சியை, விளக்கம் எதுவும் இல்லாமல் காட்டுவதற்கு இதைவிட நல்ல ஆறு நிமிடங்களை எனக்குத் தெரியாது. கீழே இசைக்குழு ஏறக்குறைய தாளம் மட்டும் போட்டுக்கொண்டு ஒதுங்கியிருக்கிறது, கவனம் சிதற இடமில்லை. மூன்றாவது பகுதியில் துரத்தல் நெருக்கமாகிறது. இரண்டாவது வயலின் ஒரே ஒரு தட்டு இடைவெளியில் முதல் வயலினின் குதிகாலை மிதித்துக்கொண்டு வருகிறது. முதல் இரண்டு பகுதிகளில் காது பழகியிருந்தால் இங்கே திணறாது.

இது கேதனில் எழுதப்பட்டதா லைப்சிகிலா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்த கருத்தில் இல்லை. மிஞ்சியிருக்கும் கைப்பிரதிகள் 1730ஐ ஒட்டியவை. அந்தக் காலத்தில் பாஹ் வார நாட்களில் ஆலயத்துக்கு வெளியேயும் ஒரு வேலை வைத்திருந்தார். 1729 முதல் கொலேகியம் மூசிகம் என்ற மாணவர் இசைக்குழுவை நடத்தினார், அது வாரந்தோறும் சிம்மர்மான் என்பவரின் காப்பிக்கடையில் வாசித்தது. பிறகு அவரே இதை இரண்டு ஹார்ப்சிகார்டுகளுக்கு மாற்றியும் எழுதினார். அந்த வடிவத்தைத் தேடிப் போக வேண்டாம். ஹார்ப்சிகார்டில் ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்க முடியாது, நடுப்பகுதியின் உயிரே போய்விடுகிறது.

எந்தப் பதிவு? டேவிட் ஆய்ஸ்ட்ராக், மகன் ஈகோர் ஆய்ஸ்ட்ராக் இருவரும் வாசித்தது கனமானது, நடுப்பகுதி மிக மெதுவாகப் போகும். ரேச்சல் பாட்ஜர், ஆண்ட்ரூ மான்ஸி இருவரும் பழைய முறைத் தந்திகளில் வாசித்தது விறுவிறுப்பானது, இரு குரல்களும் தெளிவாகப் பிரிந்து கேட்கும். தொடங்குபவருக்கு இரண்டாவது. 1932இல் மெனுஹினும் அவருடைய ஆசிரியர் எனெஸ்குவும் வாசித்த பதிவு இரைச்சலோடு இருந்தாலும், என்றாவது ஒருநாள் கேட்டே தீர வேண்டியது. காசு செலவழிக்க விரும்பாதவர்களுக்கு நெதர்லாந்து பாஹ் சங்கம் அவருடைய எல்லாப் படைப்புகளையும் காணொளியாக இலவசமாக வெளியிடும் பெரும்பணியில் இருக்கிறது. இரண்டு வில்களையும் கண்ணால் பார்த்தபடி கேட்பது புதியவருக்குப் பெரிய உதவி.

யாருக்கு இது பொருந்தாது? பாமாலையில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லிவிட்டேன். கீபோர்டு கற்றுக்கொள்பவர்களுக்கும் வேறு வழி இருக்கிறது. பாஹ் தன் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமானுக்குப் பாடமாக எழுதி 1723இல் திருத்தித் தொகுத்த பதினைந்து இன்வென்ஷன்கள். வலது கை ஒரு குரல், இடது கை ஒரு குரல், பெரும்பாலும் ஒன்றரை நிமிடம். முதலாவதைத் தட்டுத் தடுமாறி வாசித்தாலே போதும், காது தானாகத் திறந்துகொள்ளும். கேட்பதை மட்டும் செய்பவர்களுக்கு அவை வறட்சியாக இருக்கும்.

கான்செர்ட்டோவுக்கு அடுத்து எதற்குப் போவது என்பதில் எனக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை. ஆறாவது பிராண்டன்பர்க் இயல்பான அடுத்த படி, ஏனென்றால் அதன் முதல் பகுதியிலும் இதே விளையாட்டுதான். இரண்டு வயோலாக்கள் அரைத்தட்டு இடைவெளியில் ஒன்றையொன்று துரத்துகின்றன, குரல் மட்டும் அடர்ந்து தாழ்ந்திருக்கும். அது பிடித்துவிட்டால் மற்ற ஐந்தும் நெரிசலாகத் தோன்றா. மொழித் தயக்கம் உள்ளவர்கள் மத்தேயு பாடுகளுக்கு முன் 82ஆம் எண் கான்டாட்டாவைக் கேட்கலாம். 1727 பிப்ரவரி 2 அன்று முதலில் பாடப்பட்டது. ஒரே பாடகர், ஓபோ, தந்திகள், இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். முதியவர் சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்திவிட்டு 'இனிப் போதும், போகிறேன்' என்று சொல்வதுதான் பொருள். அது தெரிந்தால் மீதி ஜெர்மன் தெரியாவிட்டாலும் நட்டமில்லை. அன்னா மக்டலேனாவின் குறிப்பேட்டில் இதன் தாலாட்டு ஏரியா படியெடுக்கப்பட்டிருக்கிறது.

செல்லோ தொகுதிகளுக்கும் கோல்ட்பெர்குக்கும் அவசரம் வேண்டாம். செல்லோவுக்கு வரும்போது, எல்லோரும் கேட்கும் முதல் பகுதியைத் தாண்டி, ஐந்தாவது தொகுதியின் சரபாந்தை (மெதுவான நடனப் பகுதி) எடுங்கள். ஒரு தந்திக்கு மேல் ஒரே நேரத்தில் ஒலிப்பதில்லை, ஆனால் அதில் எத்தனை குரல்கள் நடக்கின்றன என்று அப்போது எண்ண முடியும். கோல்ட்பெர்கை பியானோவில் கேட்பதற்கு முன் ஒரு முறையாவது ஹார்ப்சிகார்டில் கேளுங்கள், பியேர் ஹந்தாயின் பதிவு நல்லது. கைகள் குறுக்கே தாவும் வேறுபாடுகளில் இரண்டு கட்டை வரிசைகளும் இரண்டு நிறத்தில் ஒலிப்பதால், எந்தக் குரல் எங்கே போகிறது என்று பியானோவைவிடச் சுலபமாகத் தெரியும். கூல்டை அதற்குப் பிறகு கேட்டால் 1955ஆம் ஆண்டுப் பதிவு வேகமாகத் தோன்றும், 1981ஆம் ஆண்டுப் பதிவு வித்தியாசமாகத் தோன்றும். எது சரி என்று நண்பர்களோடு சண்டையிடுவதற்கு அப்போது உங்களிடம் சொந்தக் காரணம் இருக்கும்.